பதினொன்று முப்பத்தெட்டுக்குத் திரும்புதல்

கோச்சடையில் இருக்கும் தாய்ப்பால் வங்கியில் எந்த பாட்டிலின் மேலும் பெயர் கிடையாது. ஒட்டியிருக்கும் சீட்டில் ஐந்து இலக்க எண் மட்டும் இருக்கும். தொடங்கிய ஆண்டில் பெயரும் ஊரும் எழுதித்தான் ஒட்டினார்களாம். பெயர் எழுதின பாலை நாலு பேர் பார்த்தால் கண்பட்டு மார் வற்றிப்போகும் என்று மேலூர்ப் பக்கத்துப் பெண்கள் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எண் வந்தது. அந்த எண்ணுக்கு உரியவர் யார், என்றைக்குக் கொடுத்தார், அவருடைய ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது, பாலைச் சூடாக்கிக் குளிரவைத்தது எந்த நாள், எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கின்றன. தரவுத்தளம் இல்லையென்றால் உறைபெட்டியில் இருப்பவை வெறும் எண்கள். விதி தெளிவானது. திரையில் எண் தெரியாத பால் எந்தக் குழந்தைக்கும் போகக் கூடாது. கீழே ஊற்றிவிட வேண்டும்.

அந்தத் தரவுத்தளத்தை ஒன்பது ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். தல்லாகுளத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம், ஆறு பேர். சர்வர் மட்டும் கோச்சடையில், உறைபெட்டி அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் கண்ணை மூடும்போதும், என் மனத்தின் ஒரு மூலை அந்த இயந்திரத்தின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கவலைப்படுவதால்தான் அது ஓடுகிறது என்று எங்கோ நம்பியிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற சித்திரையில் மின்சாரம் போனபோது என் கவலை போதவில்லை. பேட்டரியும் கைவிட்டு, நாலு மணி நேரம் சர்வர் நின்றது. வங்கியில் பதிவுகளைப் பார்க்கும் அன்னக்கொடி அக்கா நோட்டில் எழுதிச் சமாளித்தார். மறுவாரமே வங்கியை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் கிளவுடுக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

எங்கள் நிறுவனத்தை நடத்தும் முத்துக்குமரன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"வாணி, மூணு கம்பெனி இருக்கு. மூணும் பெரிய கை. எதுல வச்சா நல்லதுன்னு பாத்துச் சொல்லு. மூணு வாரம் எடுத்துக்க. அவங்க விளம்பரத்தப் பாத்து எழுதாத. போட்டு ஒடச்சுப் பாத்து எழுது."

"ஒடைக்கிறதுக்காண்ணே வாங்குறோம்?"

"மாப்பிள்ளை பாக்கப் போறவுக காபியக் குடிச்சிட்டு மட்டுமா வருவாக? நாலு கேள்வி கேக்கணும்ல."

அந்த நிறுவனங்கள் விற்பது வெறும் இடம் இல்லை. தரவுத்தளத்தை அவர்களே வைத்து நடத்துவார்கள். நகல் எடுப்பது, பழுது பார்ப்பது, ஒன்று நின்றால் இன்னொன்றை எழுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதாவது ஒன்பது ஆண்டுகளாக நான் செய்துவந்த அத்தனையும். ஒப்பிட்டு எழுத உட்கார்ந்த முதல் நாள் எனக்கு இருந்தது பொறாமைதான். கோச்சடை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள் அன்னக்கொடி அக்காவின் பாட்டில்களை என்ன பார்த்துக்கொள்வார்கள்?

அறிக்கையில் பெயர்களை எழுதாமல் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்றே குறித்தேன். பெயரைப் பார்த்துவிட்டால், அறக்கட்டளையில் ஒவ்வொருவருக்கும் அந்த நிறுவனத்தில் ஒரு மருமகனாவது இருப்பான். முதலாவது மும்பையில், இரண்டாவது ஹைதராபாத்தில், மூன்றாவது சென்னையில். பழைய சர்வரில் எழுதப்படுவதெல்லாம் அடுத்த நொடியே மூன்று இடத்துக்கும் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தேன். மூன்று பக்கமும் அனுப்புவதில் பழைய சர்வர் திணறியது. அதனால் இரவுதோறும் அது எடுத்துவந்த நகலை நிறுத்திவைத்தேன். மூன்று இடத்தில் நகல் உயிரோடு ஓடும்போது நாலாவது எதற்கு என்று தோன்றியது.

பிறகு உடைக்கத் தொடங்கினேன். ஒரு சிறிய நிரலை எழுதி, நொடிக்கு ஓர் எண்ணாக ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலாவதில் எழுத விட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முக்கிய இயந்திரத்தை நிறுத்தினேன். நானூற்றுப் பதினேழில் எண்கள் நின்றன. திரையில் சக்கரம் சுற்றியது. முப்பத்தெட்டு நொடி கழித்து நானூற்றுப் பதினெட்டு வந்தது; அது வேறொரு கட்டடத்தில் இருந்து வந்தது. இரண்டு எண்களுக்கு நடுவே கட்டடமே மாறியிருந்தது. ஓர் எண்கூடத் தவறவில்லை, ஓர் எண்கூட இரண்டு முறை விழவில்லை.

நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதையே செய்தேன். ஒன்று இருபத்தாறு நொடி, மற்றது ஐம்பது நொடி. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒப்பிடுவதற்காக இல்லை, பார்ப்பதற்காக. எங்கோ ஒருவர் எடுத்துவைத்த பாதி அடியை இன்னொருவர் தரையில் ஊன்றுகிறார். எப்படி இது முடிகிறது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். தெரிந்தும் அடுத்த எண் வரும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, அந்தத் தவறைச் செய்தேன்.

பால் சேகரிக்கும் ஒவ்வோர் இடமும் தினமும் கணினியில் ஒரு தாளைத் திறக்கும். தலைப்பில் ஊர்ப்பெயர் இருக்கும்: மேலூர், உசிலம்பட்டி, செக்கானூரணி. மூன்று நிறுவனங்களிலும் தாள்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பட்டியலை எடுத்தபோது, முந்நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களில் தலைப்பு என்று ஒரே ஓர் எழுத்து மட்டும் இருந்தது: உ. வேறு ஊர்ப்பெயர் இல்லை. யாரோ பழகுவதற்காகத் திறந்து பிள்ளையார் சுழி போட்டதோடு மூடிவிட்ட தாள்கள் என்று நினைத்தேன். வீடு மாறும்போது குப்பையையும் சேர்த்து ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? பழைய சர்வரில் ஒரே வரியில் அவற்றை அழித்தேன். அங்கே அழித்தால் மூன்று இடத்திலும் தானாக அழிந்துவிடும், வேலை மிச்சம்.

அழிந்தது. மூன்று இடத்திலும், அடுத்த நொடியே. கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தொன்பது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அன்னக்கொடி அக்கா போன் செய்தார்.

"வாணி, ஸ்கிரீன்ல பாட்டிலக் காணோம்த்தா."

"எந்த பாட்டில்க்கா?"

"எதுன்னு சொல்ல? அம்புட்டையும் காணோம். நான் தெறந்த கோச்சடைத் தாளு ஒண்ணுகூட இல்ல. டீ குடிச்சிட்டு வந்து பாக்கேன், தொடச்சு வச்சாப்ல இருக்கு. நான் எதையும் அமுக்கலத்தா, பெத்த பிள்ளை மேல சத்தியமா."

"தாளுக்குத் தலைப்பு என்னக்கா போடுவீங்க?"

"பிள்ளையார் சுழிதான். கோச்சடைன்னு கீழ எடம்ங்கிற கட்டத்துல போட்டுருவேன். சுழி போடாம எந்தத் தாள ஆரம்பிக்க?"

ஊர்களில் இருந்து வேனில் வரும் பாலுக்கும் கோச்சடைத் தாளில்தான் பாட்டில் எண் விழும். தாள் இல்லாமல் பாட்டில் இருக்கக் கூடாது, தாள் போனால் அதன் கீழ் உள்ள பாட்டில்களும் போக வேண்டும் என்று ஒரு விதி தரவுத்தளத்தில் இருந்தது. அதை ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவள் நான். ஒழுங்குக்காக எழுதினேன். அந்தக் காலையில் அது எனக்கு நினைவிலேயே இல்லை. ஓராண்டாக அந்த நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பெண் தலைப்பில் என்ன எழுதுகிறார் என்றும் நான் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

இரவு நகல் பன்னிரண்டு நாளுக்கு முந்தையது. உறைபெட்டியில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்களும் அதற்குப் பின் வந்தவை. முந்தையவை எல்லாம் தீர்ந்திருந்தன.

"அக்கா, பிள்ளைகளுக்கு அடுத்த பால் எப்ப?"

"பன்னெண்டு மணிக்கு உள்ளத முன்னாடியே எடுத்துக் குடுத்துட்டேன். அடுத்து ரெண்டு மணி. ஒன்னேகாலுக்குள்ள எடுத்து வெந்நித் தொட்டியில வச்சாத்தான் ஒறஞ்சது எளகும். மாடி வார்டுல பதினோரு கொறமாசப் பிள்ளைக இருக்கு. நம்பர் பாக்காம நான் எடுக்க மாட்டேன், டாக்டரும் விட மாட்டாக."

"எடுக்கலைன்னா?"

"டிரிப்ஸ்தான். அதுல ஒண்ணு எண்ணூத்தி நாப்பது கிராம்த்தா. நேத்துத்தான் ரெண்டு மில்லி தாங்குச்சு. இம்புட்டுப் பாடுபட்டுக் கொண்டாந்தது." கொஞ்சம் நிறுத்தினார். "பெட்டியில இருக்கதையும் ஊத்தச் சொல்லிருவாகளோ?"

கடைசியாக எப்போது பதிந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பதினொன்னு முப்பத்தேழு. செக்கானூரணிப் பொண்ணோட அம்பது மில்லி. பதிஞ்சிட்டுத்தான டீக்குப் போனேன்."

முத்துக்குமரன் அண்ணன் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். "நான்தாண்ணே அழிச்சேன்" என்றேன்.

"தெரியும். நீ உக்காந்திருக்க லட்சணமே சொல்லுதே. சாயந்தரம் திட்டுறேன், இப்ப நேரமில்ல. மூணு பேரும் பின்னாடி போக முடியும்னு சொன்னாங்கள்ல?"

சொல்லியிருந்தார்கள். கடந்த சில வாரங்களில் எந்த நொடிக்கு வேண்டுமானாலும் தரவுத்தளத்தைத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று மூன்று நிறுவனங்களும் சொல்லின. என் அறிக்கையில் அதற்கு ஒரு தலைப்பு வைத்து, கீழே வெறுமையாக விட்டிருந்தேன். நிறுத்தினால் எழுவதைப் பார்த்து வியந்தவளுக்கு இதை நம்ப முடியவில்லை. நின்றது எழும். போனது எப்படி வரும்?

மூன்று ஜன்னல்களைத் திறந்தேன். முதலாவதில் இன்றைய தேதி, பதினொன்று முப்பத்தெட்டு என்று இட்டேன். அந்த நேரம் இன்னும் வரவில்லை என்று சிவப்பில் மறுத்தது. மறுபடியும் இட்டேன். மறுபடியும் மறுத்தது.

"என்னண்ணே இது, வரலையாம்!"

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஏத்தா, அவன் கடிகாரம் லண்டன் கணக்கு. நம்மள விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. இப்பத்தான் அவன் பல்லே வெளக்குறான். ஆறு எட்டுன்னு போடு."

ஆறு எட்டு என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதையே போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி சொல்லின: இருப்பதைத் தொட மாட்டோம், பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டித் தருகிறோம், காத்திருங்கள். அப்போது பன்னிரண்டு ஐந்து.

காத்திருப்பது என்றால் எனக்கு எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருப்பது. இந்த முறை செய்ய ஒன்றும் இல்லை. அவர்கள் செய்வது என்ன என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் நடந்த வரிசையில் ஒரு வரியாக எங்கோ எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய முழு நகல் ஒன்றை எடுத்து, அதன் மேல் அந்த வரிகளை ஒன்றுவிடாமல் மறுபடி நடத்துகிறார்கள். நேற்று அன்னக்கொடி அக்கா பதிந்த முதல் பாட்டில், அடுத்தது, நடுவே அவர் தவறாக இட்டுத் திருத்திய எடை, திருத்தம், அடுத்தது. நேற்று மறுபடி நடக்கிறது. இன்று காலை மறுபடி நடக்கிறது. நான் அழித்த வரி வருவதற்கு முன் நிற்க வேண்டும்.

கோபமோ வருத்தமோ அந்த அரைமணி நேரத்தில் எனக்கு வரவில்லை. மிகப் பெரிய ஒன்றின் பக்கத்தில் நிற்கும்போது வரும் அமைதி மாதிரி ஒன்று வந்தது. அதில் பயமும் இருந்தது. எந்த ஊர் ஆட்கள் இதை யோசித்திருப்பார்கள்? ஒருவர் தன் கையாலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவார், அவருக்காக ஒவ்வொரு வரியையும் எழுதி வைப்போம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? பார்த்துக்கொள்வது என்பதை நான் தவறு நடக்காமல் காப்பது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர்கள் தவறு நடக்கும் என்பதில் இருந்து தொடங்கியிருந்தார்கள். என்னைப் பற்றி என்னைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு முப்பத்துநாலுக்கு இரண்டாவது எழுந்தது. பாட்டில்களை எண்ணச் சொன்னேன். நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. கடைசி வரியில் செக்கானூரணி, ஐம்பது மில்லி, பதினொன்று முப்பத்தேழு.

"இருக்குண்ணே" என்றேன்.

"மாத்திருவோமா?"

"ஒண்ண மட்டும் நம்பி எப்படிண்ணே? இன்னொன்னும் வரட்டும்."

நான் ஒரு கண்ணால் மணியையும் ஒரு கண்ணால் திரையையும் பார்த்தபடி இருந்தேன். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு முதலாவது எழுந்தது. எண்ணச் சொன்னேன். நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.

அக்காவுக்கு போன் போட்டேன். "பெட்டியத் தெறந்து ஏதாவது அஞ்சு நம்பர் வாசிங்கக்கா."

"நாப்பத்தோராயிரத்து எழுநூத்தி முப்பத்தொண்ணு."

"அறுபது மில்லி. ஞாயித்துக்கிழமை. டெஸ்ட் சரி."

"ஆமா, ஞாயித்துக்கிழமைத் தட்டுதான். அன்னைக்குத்தான மழை ஊத்துச்சு. அடுத்து, எழுநூத்தி தொண்ணூத்தி எட்டு."

"முப்பத்தஞ்சு மில்லி. செவ்வாக்கிழமை."

"அய்யய்யோ, சரியாச் சொல்றியேத்தா!" என்று அவர் சிரித்தபோதுதான் இத்தனை நேரம் அவர் அழுதுகொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஐந்தும் பொருந்தின. வங்கியின் திரையை ஹைதராபாத்தில் இருந்த இரண்டாவதன் பக்கம் திருப்பினேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு அக்கா பதினோரு குழந்தைகளுக்கான பாட்டில்களை எடுத்துத் தொட்டியில் வைத்தார்.

மூன்றாவது அதற்குப் பிறகுதான் எழுந்தது. அதன் தேவை முடிந்துவிட்டது. ஆனாலும் எண்ணச் சொன்னேன். நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. மூன்று ஊர்கள், ஒன்றை ஒன்று அறியாத மூன்று நிறுவனங்கள், எங்கள் காலை நேரத்தின் ஒரு நிமிடத்தில் போய் நின்று அதே எண்ணைச் சொல்லின. உள்ளே இருப்பது பால் என்றோ, கொடுத்தவர்கள் யார் என்றோ அவர்களுக்குத் தெரியாது. தெரியாததைத்தான் ஒரு சொட்டு சிந்தாமல் வைத்திருந்தார்கள்.

"நீ போ" என்றார் அண்ணன். "இங்கன நான் பாத்துக்கிறேன்."

வைகைப் பாலத்தைத் தாண்டும்போது, ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக, அந்த விசிறிச் சத்தம் காதில் கேட்காமல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. வெயில் தெரிந்தது. முன்னால் போன ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டே கடலை தின்றது தெரிந்தது.

அன்னக்கொடி அக்கா வங்கி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, உங்க தப்பு இல்ல. நான்தான் அழிச்சேன். வெறும் தாளுன்னு நெனச்சு."

அவர் முகம் மாறியது. "நீயா? நான் அமுக்கித்தான் போச்சோன்னு எனக்குக் குலையே நடுங்கிப்போச்சுடி. ஒரு போனு. 'அக்கா, இது என்ன தாளு'ன்னு ஒரு போனு போட்டா என்ன கொறஞ்சா போயிருவ?"

"கேட்டிருக்கணும்க்கா."

"கேட்டிருக்கணும்ல." மூச்சை விட்டார். "சரி, கையக் கழுவு. மணி ஆகப்போகுது."

அடுத்த நாள் அறிக்கையை எழுதினேன். பின்னோக்கிப் போதல் என்ற தலைப்பின் கீழ் மூன்று நேரங்களையும் எழுதினேன். இரண்டாவதைப் பரிந்துரைத்தேன், முதலில் எழுந்தது அதுதான். யார் என்ன அழித்தார் என்பதையும், மூன்றில் எதுவும் நான் அழித்ததைத் தடுக்கவில்லை என்பதையும் என் பெயரோடு சேர்த்து எழுதினேன். ஆனால் அந்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு எனக்கு அறிக்கை நினைவில் இல்லை.

மாடியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எண்ணூற்று நாற்பது கிராம் பிள்ளை என் முழங்கையில் இருந்து உள்ளங்கை வரைக்குமான நீளம்தான் இருந்தது. நர்ஸ் பாண்டிமீனா பாட்டில் எண்ணை உரக்கச் சொன்னார். அன்னக்கொடி அக்கா திரையைப் பார்த்து "சரி" என்றார். இரண்டு மில்லி பால். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதை ஊற்றி, மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாயில் பொருத்தி, பாண்டிமீனா கையை உயர்த்திப் பிடித்தார். அழுத்தவில்லை. பால் தன் எடையால் தானே இறங்க வேண்டும்.

"என்ன மேடம், சினிமா பாக்குறாப்ல பாக்குறீக?" என்றார் பாண்டிமீனா, திரும்பாமலே.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"அது இஷ்டம். அவசரப்படுத்தக் கூடாது."

சிரிஞ்சில் இருந்த வெள்ளைக் கோடு அசையவே இல்லை என்று தோன்றியது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் கொஞ்சம் கீழே இருந்தது. முதல் மில்லி முடிந்தது. இன்னொரு கோட்டைத் தாண்டியது. கடைசித் துளி குழாயின் வாயில் தயங்கி நின்று, பிறகு உள்ளே போனது. பிள்ளையின் உதடு, வாய் வழியாகக் குடித்ததைப் போல, ஒருமுறை குவிந்து விரிந்தது.